விளக்கை எங்கே ஏந்துவது?

கோட்டக்குப்பத்தில் நாம் பணிபுரியும் பள்ளியில் திருக்குறள் பேச்சுப் போட்டி நடந்தது. தலைப்பு, கள்ளுண்ணாமை. மேடையேறிய மாணவர்கள் குறட்பாக்களை முழங்கினர். முழங்கியதோடு நில்லாமல் குடிகாரனாகத் தள்ளாடியும் காட்டினர். நாக்குழறிற்று, கால் பின்னிற்று, மன்றம் அதிரச் சிரித்தது. ஆசிரியராகிய நாமும் சிரித்தோம். கடைசி வரிசையில் ஒரு சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தான். அவன் தந்தை மரக்காணம் பக்கத்து உப்பளத் தொழிலாளி. அவன் வீட்டில் அன்றாடம் நடப்பது, அன்று மேடையில் வேடிக்கையாக நடந்தது!

அன்றிரவு அந்த அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம். நாம் சிரிப்பதற்காகவா வள்ளுவர் அதை எழுதினார்?

குறளில் கடுமை இல்லை என்று சாதிக்க நாம் வரவில்லை. குடிப்பவனை ஊர் நகைக்கும் என்கிறது அதிகாரம். பெற்றவளும் முகஞ்சுளிப்பாள் என்கிறது. கள்ளுண்பார் நஞ்சுண்பாரே என்று தீர்ப்பளிக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் விரும்பி எடுப்பவை இவையே. எளிதில் கைதட்டல் பெற்றுத் தருபவையும் இவையே. ஆனால் அதிகாரத்தின் இறுதியில் நிற்கும் இரண்டு குறட்பாக்களை யாரும் நின்று படிப்பதில்லை. நம் கருத்து முழுதும் அந்த இரண்டைப் பற்றியதுதான்.

போதையில் இருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்கடியில் மூழ்கியவனைத் தீப்பந்தம் ஏந்தித் தேடுவது போன்றது. இது ஒன்பதாம் குறளின் பொருள். “பார்த்தீர்களா, குடிகாரனைத் திருத்தவே முடியாது என்று வள்ளுவரே கைவிட்டுவிட்டார்!” என்பது நம் ஊர்ப் பெரியவர்களின் உரை. நாம் இதை ஒப்பவில்லை. குறள் சொல்வது போதையிலிருக்கும் வேளையைப் பற்றி; மனிதனின் வாழ்நாள் முழுவதையும் பற்றியன்று. பயன்படாது என்று சொல்லப்பட்டது நீருக்குள் கொண்டுபோன தீப்பந்தம், மூழ்கியவன் அல்லன். மூழ்கியவனுக்கு முதலில் வேண்டியது விளக்கா, கரையா?

கடலோரத்து மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? படகு கவிழ்ந்து தத்தளிப்பவனைப் பார்த்து, “ஏனடா கடலுக்குப் போனாய்?” என்று எந்த மீனவனும் கேட்பதில்லை. கயிற்றைத்தான் வீசுகிறான். கேள்வியெல்லாம் கரையேறிய பிறகு!

கரையேற்றும் கலை மருத்துவருடையது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், உறக்கம் தொலையும், சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களில் அறிவு குழம்பி, இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றுவதும் உண்டு. கவனியாது விட்டால் உயிரே போகலாம். இதைப் பேய் என்கிறான் பூசாரி. சாமி குற்றம் என்கிறாள் பாட்டி. மருத்துவரோ, மூளை மதுவுக்குப் பழகிப்போனதால் வந்த துன்பம் என்கிறார். நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தை அளவறிந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார். தயமின் என்னும் உயிர்ச்சத்தைச் செலுத்துகிறார். கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டில் பூட்டி வைப்பது பக்தியாக இருக்கலாம், மருத்துவமாகாது. குடிப்பவனுக்குத் தெரியாமல் சோற்றில் பொடி கலந்து கொடுக்கும்படி விளம்பரம் செய்வோரையும் நம்பாதீர். ஒருவன் அறியாமல் அவன் உடலில் மருந்தைச் செலுத்துவது ஏமாற்று மட்டுமன்று, ஆபத்துமாகும்.

இனிப் பத்தாம் குறள். குடியாத வேளையில் ஒருவன், குடித்து மயங்கிய மற்றொருவனைக் காணும்போது, தன் சோர்வும் இத்தகையதே என்று எண்ணிப் பார்க்கமாட்டானா என்று வள்ளுவர் வினவுகிறார். முன் குறளில் அணைந்த விளக்கை இந்தக் குறளில் மீண்டும் ஏற்றுகிறார்! அதை ஊரார் கையில் கொடுக்கவில்லை. குடித்தவன் கையிலேயே கொடுக்கிறார். தெளிந்த வேளையில், தன்னைப்போன்ற இன்னொருவனைக் கண்டு, தானே உணர்தல்!

இக்காலச் சிகிச்சையை வள்ளுவர் அன்றே கண்டார் என்று கூத்தாட நாம் பழமைவாதிகள் அல்லர். எனினும் இந்த உண்மையை உலகம் பட்டறிந்தே கற்றது. 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒருவர் கதையை மற்றவர் கேட்டு இருவரும் மீண்டனர். அதிலிருந்து எழுந்ததே குடிநோயாளர்களின் பெயர் மறைத்த கூட்டுறவு. அவர்களது படிகளில் கடவுள் பேச்சு வரும். அது நமக்குத் தேவையில்லை. மனிதனுக்கு மனிதன் துணை என்ற பகுதி நம்முடையது, அதை விடவேண்டியதில்லை.

தமிழ் மண்ணிலும் சான்று உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அழுது மூலையில் அமராமல், 1980-இல் சென்னையில் அவர் பெயராலேயே குடிநோயாளர்க்கான சிகிச்சை நிலையம் கண்டார். கைம்பெண் முகத்தில் விழிப்பதே தீது என்ற சமுதாயத்தில், எத்தனையோ குடும்பங்கள் அவர் முகத்தில் விழித்தன! பின்னர் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் சிகிச்சையே ஊரைத் தேடிச் சென்றது. முகாம் அமைத்து, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக்கொண்டு செய்த அப்பணியைப் பற்றி 1994-இல் ஆய்விதழில் கட்டுரையும் வெளிவந்தது. சென்னைக்குப் போக வழியற்ற கூலிக்காரனுக்கும் கரை உண்டு என்று காட்டிய பணி அது.

“மதுவை ஒழித்தால் போதாதா?” என்பீர். 1921-இல் கள்ளுக்கடை மறியல் நடந்த காலத்தில் பெரியார் தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றனர். அந்தத் தியாகத்தைப் போற்றுகிறோம். ஆனால் மரத்தை வெட்டியதால் முன்பே குடித்தவனின் கைநடுக்கம் நின்றுவிடுமா? 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு. 1948-இல் மாகாணம் முழுதும். 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடி திறந்தது, 2003 முதல் அரசே சில்லறைக் கடையும் நடத்துகிறது. கதவு திறந்தும் மூடியும் ஆடியது. எங்கள் ஊருக்கோ புதுவை எல்லை கூப்பிடு தூரம். இங்கே மூடிய நாளிலும் அங்கே திறந்தேயிருந்தது! கதவைப் பற்றிப் பேசியவர் ஆயிரம் பேர். கதவருகே விழுந்து கிடந்தவனைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைத் தாக்கும். பிழைத்தவனுக்கும் பார்வை போகலாம். ஓராண்டு கழிந்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். எக்கியார்குப்பத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு அரசு பத்து இலட்சம் அறிவித்தது. தேநீர்க் கடைகளில் என்ன பேசினார்கள்? “குடித்துச் செத்தவனுக்குப் பத்து இலட்சமா!” அந்தப் பணம் செத்தவனுக்கா போகிறது? கைம்பெண்ணுக்கும் பிள்ளைக்குமன்றோ! எங்கள் மன்றத்தில் எழுந்த சிரிப்பும் தேநீர்க் கடையின் ஏளனமும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை.

கள்ளுண்ணாமைக்குப் பிறகு சூது. சூதுக்குப் பிறகு மருந்து. நோயின் வேரைத் தேடு என்கிறது அந்த அதிகாரம். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து காப்பவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது. நம்மவர் மருந்தை மட்டும் தேடி, மற்றவற்றை மறந்தோம். விடியுமுன் உப்பளத்தில் இறங்கி, உப்பு நீரில் கால் வெடித்து, வெண்மையின் கூச்சத்தில் கண் எரிய உழைப்பவனுக்கு மழைக்காலத்தில் வேலையும் இல்லை. வலி, கடன், வெறுமை இவை அனைத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் புட்டியை மட்டும் பிடுங்கினால், வேர் போகுமா?

ஒன்று சொல்லிவிடுகிறோம். அருள் வேறு, அடிக்கு இடங்கொடுத்தல் வேறு. நோயாளி என்பதால் மனைவியை அடிக்கும் உரிமை எவனுக்கும் இல்லை. “அவள் சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?” என்று கேட்கும் வாயை முதலில் அடைக்க வேண்டும். அவளுக்குப் பாதுகாப்பும் அவனுக்குச் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

தோழர்களே! 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் நோயென்றே கொள்கிறது. கொடுமையின்றிச் சிகிச்சை பெறுவதை நோயாளியின் உரிமை என்கிறது. சட்டம் நம்மை முந்திவிட்டது! சீர்திருத்தம் பேசும் நாம் பின்தங்கலாமா? உங்கள் தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தால், தெளிந்தபின் அவனிடம் பேசுங்கள். முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ உடன் செல்லுங்கள். மீண்டும் வழுக்கினால் மீண்டும் செல்லுங்கள். வழுக்குதல் இந்நோயின் இயல்பு, துரோகமன்று.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ‘மருந்து’ அதிகாரத்தைத் தலைப்பாக்கக் கேட்டிருக்கிறோம். கடைசி வரிசைச் சிறுவன் அன்று தலைநிமிர்ந்து கேட்பானா என்பதே எங்களுக்குத் தேர்வு.