பீடிங்கும் கலங்கலும்

துணிக்கூரை வண்டியில் மழை ஒழுகினால் நம் பட்டறைகளில் முதலில் கை போவது ரப்பர் பீடிங்கின் மீதுதான். பழையதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மீட்டர் கணக்கில் விற்கும் புதுப் பீடிங்கை, முன்பிருந்ததைவிட ஒரு சுற்றுத் தடிமனாகப் பார்த்து வாங்குவார்கள். ஃபெவிகால் எஸ்ஆர் தடவி ஒட்டி, மூலைகளில் சிலிகான் பிதுக்கி, குழாய்த் தண்ணீரை மேலிருந்து அடித்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஒரு சொட்டு உள்ளே வராது. ஐப்பசி பிறந்ததும் வரும். திருவள்ளூர், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஜீப்பானாலும் பழைய காரானாலும் நான் பார்த்த வழக்கம் இதுதான். வெறும் ஒட்டுவேலை என்று இதைத் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இதன் அடியில் ஒரு பிழை இருக்கிறது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த இந்த வண்டி, 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் உருவானது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜோவானி மிகெலோட்டி. தனிச் சேஸியின் மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட்டில் பூட்டும் அமைப்பு, கூரையும் அப்படியே. 1960இலேயே இங்கிலாந்தில் திறந்த கூரை வடிவம் விற்பனைக்கு வந்துவிட்டது. கூரையைக் கழற்றித் துணி ஹூட் மாட்டும் ஆசைக்கு நம் ஊர்ப் பழைய கார்களில் ஹெரால்டு அளவுக்கு இடம் கொடுத்தது அரிது. ஆசைக்கு இடம் கொடுத்த அமைப்பே தண்ணீருக்கும் இடம் கொடுக்கிறது. கதவுக் கண்ணாடியைச் சுற்றி மேலே இரும்புச் சட்டம் கிடையாது. கண்ணாடி விளிம்பே நேராகப் போய் ரப்பரில் அமர வேண்டும். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் ஹூட்டின் முன்கட்டை அழுந்தி உட்கார வேண்டும். சட்டம் மடங்கும் மூட்டுகளில் ரப்பரும் துண்டுபட்டே ஆக வேண்டும். துண்டுகள் சந்திக்கும் இடமெல்லாம் தண்ணீருக்கு வாசல்.

பட்டறை முறையின் பலம் இங்கேதான் தெரியும். ஐம்பது, அறுபது ஆண்டுகளில் டிங்கர் வேலையும் பட்டியும் ஏறிய உடலில் இடப்பக்க இடைவெளி வலப்பக்கத்தோடு ஒத்துப்போகாது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் அச்சு பீடிங் ஆலையிலிருந்து புதிதாக இறங்கிய வண்டிக்கு அளவெடுத்தது. நம் வண்டியில் ஒரு மூலையில் பிதுங்கும், இன்னொரு மூலையில் எட்டாது. குஷன் கடைக்காரர் பழைய ரப்பரில் ஒரு விரல் அளவு வெட்டி, அதன் குறுக்குவெட்டு முகத்தைப் பார்த்து, அதற்கு நெருங்கிய வார்ப்பைத் தேடி எடுப்பார். ரப்பர் மரம் இந்த வட்டாரத்தில் இல்லை. ரப்பர் வேலை உண்டு. 1946இல் திருவொற்றியூர்க் கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் முதல், தேர்வாய்கண்டிகை சிப்காட்டின் மிஷெலின் ஆலை வரை அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அளவெடுக்கும் அந்தக் கண்ணை நான் எந்த உறையிட்ட செட்டுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அதே கை, ஒட்டும்போது ரப்பரை இழுக்கிறது. இழுத்து ஒட்டினால் கோடு நேராக வரும், நீளமும் மிச்சமாகும். சில வாரங்களில் ரப்பர் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும்; மூலையில் வாய் திறக்கும். இயற்கை ரப்பராக இருந்தால் இன்னும் கேடு. காற்றிலுள்ள ஓசோன் இழுபட்ட ரப்பரைத்தான் தேடிக் கடிக்கும். இழுவைக்குக் குறுக்கே வெடிப்பு விழும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருத்தணி வெயிலில் அது சீக்கிரமே நடக்கும். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் ஓசோனையும் வெயிலையும் தாங்கும், பெட்ரோலும் ஆயிலும் பட்டால் ஊதிவிடும். எந்த ரப்பரானாலும் இழுக்காமல், கொஞ்சம் நெருக்கித் தள்ளி ஒட்டுவதே சரி.

தடிமன் அடுத்த தொல்லை. பருத்த பீடிங் கதவை வெளியே தள்ளும். அறைந்து சாத்துவோம், கீல் தளரும், கண்ணாடி சாயும், ஹூட்டின் கொக்கியை முறுக்கி மாட்டுவதில் முன்கட்டை வளையும். ஒழுக்கை நிறுத்தப் போட்ட ரப்பரே புது ஒழுக்கை உண்டாக்கிவிடும். பசையும் பருவம் பார்க்கும். இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டிய பசை அது. மழைக்கால ஈரக் காற்றில் கரைப்பான் ஆவியாகிக் குளிரும்போது அதன் மேல் பனிபோல் நீர் படியும், பிடிப்பு போய்விடும்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். சிலிகானை மன்னிக்க முடியவில்லை. தண்ணீரை முழுவதும் தடுப்பதற்கென்று துணிக்கூரையை யாரும் வடிவமைக்கவில்லை. ரப்பர் பெரும்பகுதியை நிறுத்தும். தாண்டி வரும் மிச்சத்தை அடியிலுள்ள வாய்க்கால் வாங்கி, கதவடித் துளை வழியாகவும் ஹூட்டின் பின்புறக் காடி வழியாகவும் வெளியே விடும். பூண்டியும் சோழவரமும் புழலும் உள்ள மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? கரையை எவ்வளவு உயர்த்தினாலும், மிஞ்சிய நீர் வழிந்தோடக் கலங்கல் இல்லாத ஏரி நிற்காது. நம் பட்டறையில் கரையை உயர்த்திவிட்டுக் கலங்கலைச் சிலிகானால் பூசி மூடுகிறார்கள். உள்ளே புகுந்த தண்ணீர் போக வழியில்லாமல் மிதியடிக்குக் கீழே தங்கித் தகட்டைத் தின்கிறது. புளித்த காடி வாசனை அடிக்கும் மலிவு சிலிகான் என்றால், அதுவே இரும்பைத் துரு ஏற்றும்.

குற்றம் பட்டறைக்காரருடையது மட்டுமல்ல. சனிக்கிழமை வண்டியை விட்டு ஞாயிறு காலை கேட்கும் நமக்கும் பங்குண்டு. முறையாகச் செய்வதென்றால், முதலில் கதவும் கண்ணாடியும் ஹூட் சட்டமும் ஒன்றோடொன்று ஒத்து நிற்க வேண்டும். பிறகு பீடிங்கை டேப்பால் தற்காலிகமாகப் பிடித்து, மேலே சாக்பீஸ் பொடி தூவிச் சாத்திப் பார்க்க வேண்டும். பொடி எங்கே பதியவில்லையோ அங்கே இடைவெளி. காகிதத் துண்டை இடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தால் அழுத்தம் தெரியும். தண்ணீரைக் கீழிருந்து மேலாக, மெதுவாக விட வேண்டும். அப்போதுதான் எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்று தெரியும். இரண்டு நாள் வேலை இது. அதற்குக் கூலி கொடுக்க எத்தனை பேர் தயார்?

கவரைப்பேட்டை அருகே ஒரு தகரக் கொட்டகையில் ஒருமுறை பார்த்தேன். அறுபது வயதிருக்கும் அந்தப் பெரியவர் புதுப் பீடிங் சுருளைப் பிரிக்கவே இல்லை. சைக்கிள் ஸ்போக் கம்பியால் கதவடித் துளைகளைக் குத்திவிட்டு, ஹூட் காடியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். தரையில் குனிந்து பார்த்தார். பின்சக்கரத்தின் ஓரமாகத் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கி வந்தது. தெளியும்வரை இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினார். பிறகுதான் சுருளைப் பிரித்தார்.