மறைத்தலின் இலக்கணம்: ஒரு துப்பறியும் நாவலும் தமிழ்ச் சுட்டுப்பெயரும்

துப்பறியும் நாவல் ஒன்றை உடன் பணிபுரிபவருக்குப் பரிந்துரைப்பவர், 'படித்துப் பாருங்கள்' என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. முடிவு தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டும் பண்பு அது. மொழிபெயர்ப்பாளரும் முடிவு தெரிந்தவரே. ஆயினும் அவர் நூல் முழுவதையும் சொல்லியாக வேண்டும். மூலமொழி மறைப்பதை இலக்குமொழியின் இலக்கணம் வெளிப்படுத்திவிட்டால் வாசகரின் சுவை கெடும். அகதா கிறிஸ்டியின் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' (1950) இதற்குத் தக்க சான்று. அதன் தடயங்களுள் சில முற்றிலும் மொழி சார்ந்தவை. (முடிவை வெளியிடாமல் அவற்றை ஆராய இயலாது.)

இறந்த அக்காள் லெட்டீஷியாவின் பெயரில் தங்கை ஷார்லொட் வாழ்கிறார். பழைய தோழி அவரை 'லெட்டி' என்று அழைப்பதற்கு மாறாகச் சில இடங்களில் 'லொட்டி' என்று அழைத்துவிடுகிறார். ஆங்கிலத்தில் வேறுபாடு ஓர் உயிரெழுத்து மட்டுமே. அச்சுப்பிழை என்று கருதி வாசகர் கடந்துபோவார். தமிழ் வரிவடிவம் இதற்கு வியக்கத்தக்க வகையில் இடம்தருகிறது. லகரத்தின் பின் ஒரு கால் கூடினால் 'லெட்டி', 'லொட்டி' ஆகிவிடும். 'லாட்டி' என்று எழுதினால் இந்த ஒப்புமை அழியும். ஒரே சொல்லை இருவர் இருவகையாக எழுத்துக்கூட்டும் தடயத்துக்கும் கருப்பு, கறுப்பு போன்ற இணைகள் தமிழில் உண்டு. மெய்ப்புத் திருத்துபவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடாமல் காப்பதே அங்குள்ள சிக்கல்.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. விளக்கணைந்த அறையில் கைவிளக்கொளி சுழன்றபோது, கதவின் பின்னால் நின்றதால் கண் கூசாதவர் மர்கட்ராய்டு ஒருவரே. ஒளிபட்ட இடங்களில் யார் இருந்தார், யார் இல்லை என்று பின்னர் நினைவுகூரும் அவர், ஒரு பெண் அங்கு இல்லாததை உணர்ந்து மூன்றே சொற்களில் கூவுகிறார். சிறிது நேரத்தில் கொல்லப்படுகிறார். அம்மூன்றனுள் அழுத்தம் எச்சொல்லில் விழுந்தது என்பதே மிஸ் மார்பிளின் வினா.

ஆங்கில எழுத்து அழுத்தத்தைக் காட்டாமல் விடுகிறது. தமிழோ இடைச்சொல்லால் அதை வெளிப்படையாக்கும் மொழி. 'அவள்தான் அங்கே இல்லை', 'அவள் அங்கேதான் இல்லை', 'அவள் அங்கே இல்லவே இல்லை' ஆகியன எழுத்திலேயே மூன்று வேறு வாக்கியங்கள். இடைச்சொல் இன்றி எழுதினாலோ, கண்டுபிடிப்பின் வியப்பு மறைந்து வெறும் தகவலாகிவிடும். ஈற்றேகாரம் இங்குக் கைகொடுக்கிறது. 'அவள் அங்கே இல்லையே!' என்பதில் எதிர்பார்ப்பு பொய்த்த வியப்பு உண்டு. அது எச்சொல்லைப் பற்றியது என்பது திறந்தே கிடக்கிறது.

இனி 'அவள்' என்னும் சொல். மர்கட்ராய்டு குறிப்பது மதிப்புக்குரிய, வயது முதிர்ந்த அண்டை வீட்டுப் பெண்மணியை. 'அவர்' என்றால் பால் மறைந்து, அறையிலிருந்த ஆண்களும் ஐயத்துக்கு உள்ளாவர். மூலம் ஐயத்தைப் பெண்களோடு நிறுத்துகிறது. 'அந்த அம்மாள்' என்றால் இரகசியம் உடைந்துவிடும். 'அவள்' என்றால் தமிழ் வாசகர் இளம் பெண்களையே நினைப்பார். கொலையாளியான வீட்டுத் தலைவி தாமாகவே விலக்கப்படுவார். வாசகரை ஏமாற்றுவது இக்கலையில் உரிமைதான். எனினும் ஆசிரியர் வைக்காத பொறியை மொழிபெயர்ப்பாளர் வைப்பது நேர்மையன்று. எழுவாயைத் தொக்கவைத்து 'அங்கே இல்லையே!' எனலாம், 'இல்லை' பால் காட்டாது. அப்போது பெண் என்னும் குறிப்பும் அழுத்த வினாவும் ஒருங்கே மறையும்.

எஞ்சுவது ஒரு வழி. மர்கட்ராய்டும் அவருடன் வாழும் தோழி ஹிஞ்ச்கிளிஃபும் தனித்துப் பேசுகையில், வயது நோக்காமல் எல்லாப் பெண்களையும் 'அவள்' என்றே சுட்டுவதை அவர்களின் பேச்சு வழக்காக நிலைநிறுத்துவது. நெருங்கியோர் இடையே, அவ்விடத்தில் இல்லாதவரை அவ்வாறு குறிப்பது தமிழுக்குப் புதிதன்று. வழக்கு நிலைபெற்ற பின் அக்கூவல் எந்த வயதையும் சுட்டாது. ஆயின் இறுதிப் பகுதியில் வரும் அந்த ஒரு சுட்டுப்பெயருக்கான முடிவை, இருவர் பேச்சிலும் வீட்டுத் தலைவி முதன்முதலாக இடம்பெறும் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளர் எடுத்தாக வேண்டும். அத்தியாயம் அத்தியாயமாக மொழிபெயர்த்து உடனுக்குடன் அச்சுக்கு அனுப்பும் தொடர்கதை முறைக்கு இது இயலாத காரியம்.