பையன் வூட்டாளுங்க எங்க போனாங்க?

இமையத்தின் ‘பெத்தவன்’ நெடுங்கதையை எங்கள் காலனி படிப்பகத்தில் ஒரு ராத்திரி சத்தமாக வாசித்தோம். படிக்கத் தெரியாத சனங்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெற்ற மகளைக் கொன்னுடணும்னு பழனியிடம் ஊர்ப் பஞ்சாயத்து வாக்கு வாங்குகிறது. அவள் விரும்புகிற பெரியசாமி தலித். போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். பழனி ஊருக்குத் தெரியாமல் மகளை அவனிடம் அனுப்பிவிட்டு விஷம் குடித்துச் சாகிறான். வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்போதுதான் ஒரு பாட்டி கேட்டுச்சு: “அதெல்லாம் செரி. விடிஞ்சதும் பையன் வூட்டாளுங்க எங்க போனாங்க?”

எம்.ஏ.வில் திறனாய்வுக்கென்று தனித்தாள் எழுதியவன் நான். எனக்கு இந்தக் கேள்வி தோணவே இல்லை.

கதை வந்தது 2012இல். அதே வருசம் நவம்பர் 7ஆம் தேதி தருமபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்தன. சாதி தாண்டிக் கல்யாணம் செய்த பெண்ணின் தகப்பன் தற்கொலை செய்துகொண்டார் என்று சொல்லி 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடினார்கள். நடக்கப்போவதை முன்னமே சொன்ன கதை என்று பலரும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். ஆனால் பெத்தவனில் தகப்பன் சாவோடு கதை முடிகிறது. நத்தத்தில் தகப்பன் சாவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பழனிக்காக நாம் அழுகிறோம். அவன் பிணத்தை எடுத்த கையோடு ஊர் எந்தப் பக்கம் கிளம்பியிருக்கும்? பிரதி அங்கே மௌனமாகிறது. பெரியசாமி பேச்சில் அடிபடுகிறான். கதை நடப்பதெல்லாம் பழனி வீட்டில்.

இமையத்துக்கு நம்ம பக்கம் தெரியாது என்று எவனும் சொல்ல முடியாது. 1994இல் ‘கோவேறு கழுதைக’ளில் ஆரோக்கியத்தின் குடிசைக்குள்ளேயே போய் உட்கார்ந்தவர். தலித்துகளுக்குத் துணி வெளுக்கிறவளின் பசியைச் சொன்னதற்காக நம்மவர்களிடமே வசவு வாங்கினார். அந்தத் தைரியம் உள்ள ஆளிடம்தான் பாட்டியின் கேள்வியைக் கொண்டுபோக முடியும்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) இளவரசனுக்குச் சமர்ப்பணம். 2013 ஜூலை 4இல் தருமபுரி தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்த அதே இளவரசன். இந்த நாவலில் என்னை உலுக்கியது மாமியார் மாராயியின் ஒப்பாரி. ஒப்பாரி செத்தவர்க்குப் பாடுவது. எங்கம்மா எழவு வீடுகளில் பாடினதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இவளோ உசுரோடு இருக்கிற மகனுக்காக, வந்த மருமகள் காதில் விழுகிற மாதிரி தினமும் பாடுகிறாள். கத்தி எடுக்காமல் ஒரு பெண்ணை அணுஅணுவாகக் கொல்லலாம். சரோஜா பாறை மேட்டுக் குடிசையில் அதைக் கேட்டுக்கொண்டே சோறாக்குகிறாள். அந்தப் பக்கங்களை ரெண்டு தரம் படித்தேன்.

என் சண்டை வேறு. நாவல் முழுக்கச் சரோஜாவின் சாதிக்குப் பேர் கிடையாது. பேர் சொல்லாததால் எந்தச் சாதிக்கும் பொருந்துகிறது என்கிறார்கள் நண்பர்கள். எந்த ஊரில் எங்களைப் பேர் சொல்லாமல் திட்டியிருக்கிறான்? முதல் பக்கத்தில் இளவரசன் பேரைப் போடத் துணிந்தவர், உள்ளே ஏன் தயங்கினார்? பேர் விடுபட்டதால் தப்பித்தது யார் என்றுதான் பார்க்கணும்.

அடுத்த மாசம் படிப்பகத்தில் ‘பூக்குழி’. கதையைக் கொஞ்சம்தான் சொன்னேன். பாட்டி அதுக்குள்ள கேட்டுடுச்சு: “அந்தப் பொண்ணுக்குத் தாய் வூடு எந்தச் சேரி?”