கழித்தல் கணக்கு

கோடையில் குடும்பத்தோடு கிளம்பும் கார்களில் ஒரு குட்டிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகிவிட்டால் 'கார் ஃபிரிஜ்'. அம்மாவின் இன்சுலினுக்காக நானும் ஒன்று வாங்கினேன்.

மே மாதம். திண்டுக்கல் பைபாஸில் போகும்போது உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 20 டிகிரி! திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

பெட்டி ரிப்பேர் இல்லை சார், அதன் சுபாவமே அதுதான். வீட்டு ஃபிரிஜ் மாதிரி இதில் கம்ப்ரஸர் கிடையாது. 1834-ல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த தத்துவம். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். வெளிச்சூட்டிலிருந்து 15, 20 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். நான் பி.காம். கழித்தல் வரும். 39-ல் 19 போனால் 20. இதே பெட்டி கொடைக்கானலில் பிரமாதமாகக் குளிர்கிறது. அங்கே யாருக்கு வேண்டும்?

என் சண்டை பெட்டியோடு இல்லை, அதன் அட்டையோடு. ஐஸ் கட்டிப் படம் பெரிசாக, இந்தக் கழித்தல் கணக்கு பொடி எழுத்தில். கூல்டிரிங் வெதுவெதுத்தால் குடிக்கும்போதே தெரிந்துவிடும். மருந்து கெட்டால்? சர்க்கரை ஏறின அப்புறம்தான் தெரியும்.

வாங்குமுன் 'கம்ப்ரஸர் இருக்கா?' என்று கேளுங்கள். விலை எகிறும். கட்டுப்படியாகாவிட்டால் பழைய ஐஸ் பெட்டியே மேல். ஐஸ் மருந்தில் படாமல் துண்டு சுற்றுங்கள். உறைந்த இன்சுலினும் வீண்தான்.

என் பெட்டி வீணாகவில்லை. நிலக்கோட்டையில் வாங்கும் மல்லிகைப்பூ வாடாமல் வீடு வந்து சேர்கிறது. பூவுக்கு 20 டிகிரி தாராளம்.