தோட்டத்திற்குச் சான்று எது? இணையக் கலைக்களஞ்சியமும் நீக்கல் முடிவும்

கலைக்களஞ்சியம் எதனை ஏற்கும், எதனை விலக்கும் என்னும் வினா புதிதன்று. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகளில் இவ்வினாவிற்குப் பதிப்புக் குழுவினரே விடை கண்டனர்; விலக்கப்பட்டது எதுவென வாசகர் அறிய வழியில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ நீக்கலும் வெளிப்படையாக உரையாடப்படுகிறது. அதன் அளவுகோல் 'குறிப்பிடத்தக்கமை' எனப்படும். ஒரு பொருளைப் பற்றி, அதனோடு தொடர்பற்ற நம்பகமான நூலோ இதழோ விரிவாக எழுதியிருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

இவ்வளவுகோலைப் பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களுக்குப் பொருத்துமிடத்துச் சிக்கல் எழுகிறது. பத்து காஜாவிற்கு அண்மையிலுள்ள கெல்லி மாளிகை பற்றிய கட்டுரையை நீக்குமாறு எவரும் முன்மொழியார். பாப்பானில் மருத்துவப் பணியாற்றிய சிபில் கார்த்திகேசுவிற்கும் இடர்ப்பாடில்லை; ஜார்ஜ் பதக்கமும் 1954இல் வெளிவந்த அவர்தம் நினைவுக்குறிப்பு நூலும் சான்றாக நிற்கின்றன. ஆனால் மூன்று தலைமுறையினர் பால்மரம் வெட்டி, கோயிலும் பள்ளியும் எழுப்பி, பின்னர்ச் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடமளித்து மறைந்த ஒரு தோட்டத்திற்குச் சான்று எங்கே? நிறுவன ஆண்டறிக்கையில் ஏக்கர் உண்டு, விளைச்சல் உண்டு. லயத்தில் வாழ்ந்தோர் இல்லை. அன்றியும் அது உரிமையாளரின் கூற்றாதலின் தொடர்பற்ற சான்றும் ஆகாது.

ஆய்வு நூல்கள் இக்குறையை நிரப்பும் என எதிர்பார்த்தல் இயல்பு. மலாயாத் தோட்டங்களில் தென்னிந்தியர் வாழ்வை ஆராய்ந்து ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட நூல் மிக விரிவானது. எனினும் தாம் ஆய்ந்த தோட்டத்திற்கு அவர் 'பால் மெலாயு' என்னும் புனைபெயரையே இட்டார். மானிடவியலில் அது வழக்கமான நெறி. ஆங்கு வாழ்ந்த மக்களைக் காப்பதும்கூட. ஆயின் அந்நெறியே தோட்டத்தின் மெய்ப்பெயரைச் சான்றுலகிலிருந்து அகற்றிவிடுகிறது. ஆய்வாளர் செய்த நீக்கம் இது, கலைக்களஞ்சியத்தார் செய்ததன்று.

அதற்காகத் தோட்டக் கட்டுரை ஒவ்வொன்றையும் நிலைநிறுத்துக என நாம் வாதிடவில்லை. 'நம் தோட்டம்' என்னும் பற்று காரணமாகாது. பெயர், தொலைவு, பரப்பளவு என மூன்று வரியோடு நிற்பதை வட்டாரக் கட்டுரையோடு இணைத்தலே தகும். தனியொருவர் புகழ்மாலையாக அமைந்ததை நீக்கலாம். ஆயினும் தேடுபொறியில் அகப்படாததனாலேயே 'சான்றில்லை' என முடிவுகட்டுதல் பிழை. தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வெளிவந்த நாளிதழ். தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளச் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த காலத்துச் செய்திகளை அத்தகைய ஏடுகளில் தேடாமல் எந்தத் தோட்டத்தையும் தீர்ப்பிடலாகாது. குடமுழுக்கு மலரின் நிலை வேறு. கோயிற்குழுவே வெளியிடுவதாகலின் அதனை ஆண்டுக்கும் பெயருக்கும் கொள்ளலாம். சிறப்பை நிறுவக் கொள்ளலாகாது.

எழுதப்படாதவற்றை என் செய்வது? 2011இல் அச்சல் பிரபாலா மலையாளம், இந்தி, செபெடி ஆகிய மொழிகளில் வாய்மொழிச் சான்றினை விக்கிப்பீடியாவிற்குப் பயன்படுத்தும் முயற்சியொன்றை மேற்கொண்டார். நோக்கம் போற்றற்குரியது. எனினும் பதிவு செய்தவரே அதனை மேற்கோளாகவும் காட்டுவாராயின் சரிபார்ப்பவர் யார் என்னும் ஐயம் எஞ்சுகிறது. வாய்மொழிப் பதிவு முதலில் மதிப்பீட்டிற்கு உட்பட்டு ஆய்விதழில் அச்சேறுதல் வேண்டும் எனக் கருதுகிறோம்.

பேராக்கின் தமிழ்ப்பள்ளிகள் சில தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்திற்கு இடம்பெயர்ந்த பின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடும் ஆண்டு மலரும் ஆசிரியர் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன. அவற்றை ஒப்புநோக்கி, சொன்னவர் இசைவோடு தோட்டத்தின் மெய்ப்பெயரும் ஆண்டும் குறித்து எழுதப்பெறும் கட்டுரைகளுக்கு இத்தகைய ஆய்விதழ்களில் இடமுண்டு.