வானத்துச் சதியும் வாசகர் கேள்வியும்

திருத்தணியில் வாழும் நமக்கு ஸ்ரீஹரிகோட்டா அயலூர் போன்றது. ஆந்திர எல்லைக்கு அப்பால், வடகிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்தீவிலிருந்து இரவில் ராக்கெட் எழும்போது, வானம் தெளிவாயிருந்தால் நம் ஊர் மலைப்படிகளில் நிற்போர் கண்ணுக்கு அது ஒரு தீக்கோடாய்த் தெரியும். 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுமந்து எஸ்.எல்.வி.-3 எழுந்ததும் அங்கிருந்தே. அதன் திட்ட இயக்குநர் இராமேசுவரத்து அப்துல் கலாம் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர்.

ஆகவே, விண்வெளி ஆய்வைச் சூழ்ந்த சதியைப் பொருளாகக் கொண்ட விஞ்ஞான மர்ம நாவல்களை நம் இளைஞர் விரும்பிப் படிப்பதில் வியப்பில்லை. அவற்றை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்பதே நம் கேள்வி.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக்கொள்வோம். விண்வெளி அதன் களமன்று. எனினும் விஞ்ஞான மர்மக் கதையின் இலக்கணம் அதில் உண்டு. காணாமற்போன கணவனைத் தேடப் புகும் நிலா, நாட்டை ஆளும் ஜீவா மனிதனே அல்லன், வெறும் ஒளியுருவம் என்னும் உண்மைவரை செல்கிறாள். அவளது ஐயம் சான்றைத் தேடிச் செல்கிறது. சான்று கிட்டிய பின்னரே தீர்ப்பாகிறது. நல்ல மர்மக் கதையின் அறம் இதுவே.

இதே அளவுகோலால் 1994இல் வெளியான வேறொரு ‘நாவலை’ அளந்து பார்ப்போம். அதை எழுதியவர் கதாசிரியர் அல்லர். கேரளத்து நாளிதழ்கள் பல நாளுக்கோர் அத்தியாயமாக எழுதின. மாலத்தீவுப் பெண்கள் இருவர் வழியாக நம் விண்வெளி நிறுவனத்தின் கிரையோஜெனிக் எஞ்சின் இரகசியம் விற்கப்பட்டது என்பது கதை. விஞ்ஞானி நம்பி நாராயணன் நவம்பர் 30 அன்று கைதானார்.

இக்கதையின் ஓட்டையைக் காணப் புலமை வேண்டுவதில்லை. கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் அந்த எஞ்சினை ஆக்கும் நுட்பம் அன்று நம்மிடம் இல்லை. 1991இல் அதைத் தர ஒப்பந்தம் செய்த ரஷ்யா, அமெரிக்க நெருக்குதலால் 1993இல் பின்வாங்கியது. நாமே ஆக்கிய அத்தகைய எஞ்சினுடன் ராக்கெட் வெற்றி பெற்றது 2014 ஜனவரி 5 அன்றுதான். வீட்டில் இல்லாத நகையை எவர் திருடுவது? ஒரு கதாசிரியர் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். வாசகரோ அதைக் காலைத் தேநீரோடு நம்பினர்.

மத்தியப் புலனாய்வுத் துறை 1996இல் வழக்கைப் பொய்யென்றது. 1998இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2018 செப்டம்பர் 14 அன்று நம்பி நாராயணனுக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. அப்பெண்கள் இருவரும் சிறையில் கழித்த ஆண்டுகளையோ எவரும் எண்ணிக் கொடுக்கவில்லை. அவர்கள் அயல்நாட்டார் என்பதே சான்றாகிப் போயிற்று.

இத்தகைய நாவல்களைப் பிள்ளைகளிடமிருந்து ஒளிக்க வேண்டுமென நாம் கூறவில்லை. தாராளமாகப் படிக்கட்டும். ஆனால், எந்தச் சதியைப் பற்றிப் படித்தாலும், “இது எப்படித் தெரிந்தது?” என்று ஒருமுறை கேட்கப் பழகட்டும். அக்கேள்வியை எழுப்பும் நாவல் இலக்கியம்; அதை அடக்கிவிடும் நாவல் வதந்தி. வதந்திக்கு அட்டையும் விலையும் இருப்பதால் அது நூலாகிவிடாது.