நமது நாவல்கள் எங்கே சறுக்குகின்றன?

ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கம் பற்றிப் பேசுகின்ற எவரும் 1885ஆம் ஆண்டைத் தவிர்த்துவிட்டுச் செல்ல முடியாது. அறிஞர் சித்திலெவ்வையின் 'அஸன்பேயுடைய சரித்திரம்' வெளிவந்த ஆண்டு அது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்து ஆறு ஆண்டுகளில் நம்மவர் ஒருவர் இத்துறையில் கால்பதித்துவிட்டார் என்ற பெருமையை நாம் எல்லா மேடைகளிலும் சொல்லி வருகிறோம். ஆனால் அக்கதையின் களம் எகிப்தும் இந்தியாவும்தான். இலங்கை முஸ்லிமின் வீடும் வயலும் கடையும் அதில் இல்லை. அவற்றை எழுதும் பணி பின்வந்தோருக்கு விடப்பட்டது. வை. அஹ்மத் முதல் ஆர்.எம். நௌஸாத் வரை பலர் அப்பணியைச் செய்திருக்கிறார்கள். ஆயினும் நமது சிறுகதையும் கவிதையும் எட்டிய உயரத்தை நமது நாவல் இன்னும் எட்டவில்லை என்பதே எனது அபிப்பிராயம்.

கடந்த சில ஆண்டுகளில் பரிசீலனைக்கென்றும் கருத்துக்கென்றும் என்னிடம் வந்த நாவல் பிரதிகள் பலவற்றை வாசித்திருக்கிறேன். அவற்றில் திரும்பத் திரும்பக் காணக் கிடைத்த சில தவறுகளை இங்கு பதிவு செய்வது புதிதாக நாவல் எழுதுவோருக்குப் பயன்படலாம். எவருடைய பெயரையும் குறிப்பிடுவது எனது நோக்கமல்ல.

முதலாவது, சிறுகதையை இழுத்து நாவலாக்குவது. சீதனம் கொடுக்க வழியற்ற ஒரு குமரின் துயரம் பத்துப் பக்கத்தில் நம்மை உலுக்கும். அதே துயரம் இருநூறு பக்கங்களுக்கு அழுகையாக மட்டுமே நீளுமானால் வாசகன் களைத்துப் போவான். நாவலுக்கு வேண்டியது பக்கங்கள் அல்ல, காலமும் மாற்றமும். தொடக்கத்தில் இருந்த மனிதர்கள் முடிவில் அப்படியே இருக்கிறார்கள் என்றால் அங்கே நாவல் நிகழவில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஒரு முதலாளியின் அதிகாரம் மெல்ல மெல்ல உதிர்கிறது. ஊருக்குள் வரும் ஆங்கிலப் பள்ளிக்கூடம் அந்த உதிர்வை விரைவுபடுத்துகிறது. தனி மனிதனின் சரிவும் ஊரின் மாற்றமும் ஒன்றாகப் பின்னப்பட்டிருப்பதால்தான் அது நாவலாகிறது.

இரண்டாவது, சினிமாவிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் இருந்து கதையை இரவல் வாங்குவது. ஒரு பிரதியில், அக்கரைப்பற்றில் மணமுடித்த பெண் புகுந்த வீட்டில் மாமியாரிடம் அல்லற்படுகிறாள். அடுப்படியிலிருந்து அவள் வெளிவருவதே இல்லை. கிழக்கிலங்கையை அறிந்த எவருக்கும் இது உறுத்தும். அங்கே மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்கு உரியது. ஆகவே அந்தச் சமூகத்தின் உண்மையான துயரம் வேறிடத்தில் இருக்கிறது. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் மூன்று வீடு கட்ட வேண்டும். அதற்காக வாப்பா வயலை விற்கிறார். காக்காமார் தங்கள் கல்யாண வயதைக் கடக்கிறார்கள். சில வீடுகளில் உம்மாவே மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறார். செங்கல் செங்கல்லாக எழும் அந்த வீட்டுக்குள் ஒரு பெரிய நாவல் இருக்கிறது. கண்முன்னே இருக்கும் அதை விட்டுவிட்டு, நமக்கில்லாத புகுந்த வீட்டைக் கடன் வாங்குகிறோம்.

மூன்றாவது, மொழி. கதாசிரியர் எழுதும் தமிழையே பாத்திரங்களும் பேசுவது ஒரு குறை. அதற்கு நேர்மாறாக, எல்லா ஊர்ப் பேச்சையும் கலந்துகட்டி 'முஸ்லிம் தமிழ்' என்று ஒன்றை உண்டாக்குவது மற்றொரு குறை. அப்படி ஒரு பொதுத் தமிழ் நம்மிடம் இல்லை. கிழக்கில் மூத்த சகோதரன் காக்கா. தெற்கிலும் மேற்கிலும் நானா. கிழக்கின் 'மறுகா'வும் தெற்கின் 'ஈக்கி'யும் ஒரே வாயில் வந்தால் அந்தப் பாத்திரத்துக்கு ஊர் இல்லாமல் போய்விடுகிறது. மண்வாசனை என்பது அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதப்பட்ட சொற்களின் பட்டியல் அன்று. யார் யாரிடம் எதைச் சொல்வார்கள், எதைச் சொல்லாமல் விடுவார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. வாப்பாவிடம் நேரே கேட்க முடியாததை உம்மாவிடம் ஜாடையாகச் சொல்லும் மகளின் ஒரு வாக்கியம், ஐம்பது வட்டாரச் சொற்களைவிடப் பெறுமதியானது.

நான்காவது, தகவற் பிழைகள். சிறியவைதானே என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. வாசகன் ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால் அதன்பின் வரும் உண்மைகளையும் நம்ப மாட்டான். நோன்பு இருபத்தேழாம் இரவில் பள்ளிவாசல் முற்றத்தில் பூரண நிலவு பொழிவதாக ஒருவர் எழுதியிருந்தார். பிறை பார்த்து நோன்பு பிடிக்கும் சமூகத்தவர் எழுதக்கூடிய வரியா இது? அந்த இரவில் ஸஹர் நேரத்தை ஒட்டித்தான் தேய்பிறைக் கீற்று கிழக்கே எழும். இன்னொருவர் 2004 டிசம்பர் 26 காலையில் பிள்ளைகளைச் சீருடையுடன் பாடசாலைக்கு அனுப்பி வைத்திருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் இருந்திருக்கலாம், கடற்கரையில் விளையாடியிருக்கலாம், பாடசாலையில் இருந்திருக்க முடியாது. கடல் கொண்டுபோன பிள்ளையின் தாய் அந்தப் பக்கத்தை வாசித்தால் என்ன நினைப்பாள்?

ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாட்கள் முன்னே நகர்வதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 1983 ஜூலைக் கலவரம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம் ஆகுமுன்னரே வெடித்தது. 1990இல் நோன்பு மார்ச் கடைசியில் தொடங்கியது. பழைய நாட்காட்டி ஒன்றைப் புரட்டினால் தீரும் விடயங்கள் இவை. புரட்டினால் புதிய காட்சிகளும் கிடைக்கும்.

ஐந்தாவது, பெரு நிகழ்வுகளைச் செய்தியாகவே எழுதிவிடுவது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியது நமது வரலாற்றின் ஆறாத காயம். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. இதை எழுத முனைந்த பிரதிகள் பலவற்றில் வெளியேற்றம் கடைசி அத்தியாயமாக வருகிறது. லொறி புறப்படுகிறது, உம்மா திரும்பிப் பார்க்கிறாள், கதை முடிகிறது. என்னைக் கேட்டால் நாவல் அங்கேதான் தொடங்க வேண்டும். புத்தளத்து முகாமின் ஓலைக் கொட்டிலில் பிறந்த பிள்ளை, தான் காணாத ஊரைத் தனது ஊர் என்று சொல்லி வளர்கிறது. அகதியை வரவேற்ற ஊரவரும் அகதியும் கிணற்றுக்கும் தொழிலுக்கும் பாடசாலை அனுமதிக்கும் முட்டிக்கொள்கிறார்கள். யுத்தம் 2009இல் முடிந்தபின் திரும்பிப் போகலாம் என்றபோது, வாப்பா போக விரும்புகிறார், மகன் விரும்பவில்லை. செய்தி எழுதுபவர் இரண்டு மணி நேரத்தைப் பதிவு செய்தார். அதற்குப் பின் வந்த ஆண்டுகள் நாவலாசிரியரின் பொறுப்பு.

ஆறாவதுதான் மிக முக்கியமானதென்று கருதுகிறேன். அது அச்சம். நமது நாவல்களில் கெட்டவன் கடைசி அத்தியாயத்தில் தௌபா செய்கிறான். ஆலிம் ஒருவர் நீண்ட உபதேசம் செய்கிறார். நல்லவர்களுக்குச் சிறு சபலம்கூட வருவதில்லை. எழுத்தாளருக்கு இஸ்லாத்தில் பற்று இருப்பது இதற்குக் காரணமல்ல. 'சமூகத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டான்' என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயமே காரணம். இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல என்பதையும் நான் அறிவேன். சிறிய சமூகம், அதிலும் சந்தேகக் கண்கொண்டு பார்க்கப்படும் சமூகம், தன் குறைகள் அச்சேறுவதை விரும்பாததில் வியப்பில்லை.

ஆனால் குறையற்ற மனிதர்களை எழுதுவதால் சமூகத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. மீரானின் 'சாய்வு நாற்காலி'யில் வரும் முஸ்தபாக்கண்ணு சோம்பேறி, வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்பவர், மனைவியைக் கொடுமைப்படுத்துபவர். ஆசிரியர் அவரைத் திருத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்நாவல் 1997இல் சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. அதை வாசித்தவர்கள் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியைப் புரிந்துகொண்டார்கள். நம்மைப் பற்றி அறியாத அயலவருக்கு, உபதேசம் செய்யும் நூறு பாத்திரங்களைவிட, தவறு செய்து தவிக்கும் ஒரு மனிதன் நம்மை நெருக்கமாக்குவான். பிறரைப் போன்றே நாமும் மனிதர்கள் என்பதை அவனால்தான் காட்ட முடியும்.

இறுதியாக நமது வெளியீட்டு முறை பற்றியும் ஒரு வார்த்தை. பிரதி முடிந்ததும் நாம் தேடுவது அணிந்துரை எழுதுபவரை. பின் ஆசியுரை, வாழ்த்துரை. பின் மண்டபம், முதற்பிரதி வாங்கும் புரவலர். இந்த ஒழுங்கில், நூலைத் திருத்திக் கொடுக்கும் ஒருவருக்கு இடமே இல்லை. மேற்சொன்ன தவறுகளில் பாதி, கண்டிப்பான ஒரு வாசகர் அச்சுக்கு முன் பார்த்திருந்தால் நீங்கியிருக்கும்.

எழுதியதை ஆறு மாதம் மூடி வையுங்கள். பின்னர் கதை நடக்கும் ஊரைச் சேர்ந்த ஒருவருக்கு, முடிந்தால் ஒரு பெண்ணுக்கு, உரத்து வாசித்துக் காட்டுங்கள். "எங்கட ஊர்ல இப்படி ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க" என்று அவர் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சித்திலெவ்வை தொடங்கிய பயணத்தை நமது முற்றங்களுக்குக் கொண்டுவரும் நாவல், அந்தக் குறிப்புகளைப் பொறுமையோடு திருத்தி எழுதுபவரிடமிருந்தே வரும்.